சங்குமேட்டுக் கொள்ளையர்கள்

எண்ணூர்க் கரையில் சங்குமேட்டுக் குப்பத்தை ஒட்டிக் கடலுக்குள் போகும் குழாய் ஒன்று ஒரு விடியற்காலையில் கசிந்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். அபாயச் சங்கு ஊதவில்லை, ஊதுவதற்குச் சங்கு இல்லை. மீன் ஏற்றும் வண்டிகளிலும் ஷேர் ஆட்டோக்களிலும் ஒருவரையொருவர் அள்ளிப் போட்டுக்கொண்டு விம்கோ நகர் வந்து சேர்ந்தார்கள். யாரும் சாகவில்லை. பல பேர் பல மாதம் இருமினார்கள்.

பிறகு நிபுணர் குழு ஒன்று உட்கார்ந்தது. குழாய் தொழிற்சாலையின் பொறுப்பு, குழாய் கிடக்கும் கடல் வேறொரு துறையின் பொறுப்பு, வந்த நாற்றம் மூன்றாவது ஒரு துறையின் பொறுப்பு என்று அது கண்டறிந்தது. யார் பொறுப்பிலும் இல்லாமல் மிஞ்சியது குப்பத்து ஜனங்கள் மட்டும்தான். ஆகவே சரிசெய்ய வேண்டியது அவர்களைத்தான் என்று முடிவாகி, கடலோரப் பிழைப்புறுதி வாரியம் பிறந்தது. ராயபுரத்தில் பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து, ஏசி போட்டு, முதல் கூட்டத்திலேயே ஒரு வீடியோ கேம் செய்வதென்று வாரியம் தீர்மானித்தது. உலகம் அழிந்த பிறகு எண்ணூரில் உயிர்பிழைப்பது எப்படி என்பதை மக்கள் விளையாடியே கற்றுக்கொள்வார்கள். கேமுக்குச் 'சாம்பல் கரை' என்று பெயர் வைத்தார்கள்.

பெர்சிஸ் இதற்குள் வந்து மாட்டியது ஒரு பிஸ்கட் பாக்கெட்டால்.

விம்கோ நகரில் அவளுக்கு ஒரு மளிகைக் கடை. அப்பா தெற்கே நாசரேத்திலிருந்து வந்து போட்டது. கணவர் ஜெபின் கப்பலில் வேலை பார்ப்பவர், வருடத்தில் பாதி தண்ணீரில். அவர் வீட்டில் விட்டுப்போன லேப்டாப்பில், மதியம் வியாபாரம் படுத்துக்கிடக்கும் நேரத்தில், பெர்சிஸ் கேம் ஆடுவாள். எல்லாம் உலகம் அழிந்துபோன கேம்கள். இடிந்த ஊர்களில் துப்பாக்கியோடு தனியாக நடந்து போவதில் அவளுக்கு ஏதோ ஒரு ஆறுதல். அந்த ஊர்களில் யாரும் கடனுக்குச் சர்க்கரை கேட்பதில்லை.

மீன் விற்று முடித்துத் திரும்பும்போது சங்குமேட்டு ரேகா கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். ரேகாவும் அவள் புருஷன் மாரியப்பனும் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். அவன் பிடிப்பான், அவள் விற்பாள். வாயு கசிந்த அன்றைக்கு மாரியப்பன் தூக்கிவந்தவர்களையெல்லாம் பெர்சிஸ் கடை ஷட்டரைத் தூக்கி உள்ளே விட்டதிலிருந்து இந்தப் பழக்கம். ஆறேழு வயது மூத்தவள் என்பதால் ரேகா அவளை அக்கா என்பாள்.

"யக்கா, இவன் காலைலேந்து நடந்துகினே கீறானே, எங்க ஒண்ணுக்குப் போவான்?" என்று ஒரு நாள் ரேகா திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த ஊர்ல கக்கூஸ் உண்டு, போறதுக்குத்தான் ஆள் கிடையாது."

"துன்றதுக்கு?"

பெர்சிஸ் திரையில் ஒரு மேசை டிராயரைத் திறந்து காட்டினாள். உள்ளே பிஸ்கட் பாக்கெட் இருந்தது. கேமில் உலகம் அழிந்து இருநூறு வருடம் ஆகியிருந்தது.

"இருநூறு வருஷமா ஒரு பய இந்த டிராயரத் திறக்கலையாம்" என்றாள் பெர்சிஸ். "நம்ம கடையில மழைக்காலம் வந்தா ஒரு மாசத்துல நமுத்துப் போகுது. இவன் தின்னுட்டு, குண்டடி பட்ட காலோட எழுந்து ஓடுதான். ஊரே செத்துப்போச்சு, தெருவிளக்கு மட்டும் எரியுது. யாரு பில்லு கட்டுதா?"

ரேகா இதைப் போனில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்தது. வாரியமும் பார்த்தது. வாரியம் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ரமாபாய் என்ற அதிகாரி காரில் வந்து இறங்கினார். வாரியத்தின் இணை இயக்குநர், யதார்த்தப் பிரிவு. காட்டன் புடவை, மெல்லிய குரல். பெர்சிஸ் கொடுத்த மோரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"எங்கள் கேமில் யதார்த்தம் போதவில்லை என்று எங்களுக்கே சந்தேகம்" என்றார். "கசிந்த அன்று இங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். கேமும் தெரிந்தவர். நீங்கள்தான் எங்கள் யதார்த்த ஆலோசகர்."

பெர்சிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தான் மதியத்தில் பொழுதுபோக ஆடும் ஒரு காரியத்துக்குப் பதவி உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஜெபினுக்கு அன்றைக்கே குரல் செய்தி அனுப்பினாள். "அன்னைக்கு நடந்தத அப்படியே காட்டப் போறாங்களாம். நம்ம சனம் எப்படிப் பிழைச்சுதுன்னு உலகம் பூரா பார்க்கும்."

ராயபுரம் கிடங்கில் யதார்த்தக் குழு கூடியது. தலைவர் ஜெகதீசன், ஓய்வுபெற்ற உயரதிகாரி, சுவரில் மாட்டிய தன் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். முதல் பொருள், உலகம் எப்படி அழிந்தது என்பது.

"வாயுக் கசிவு" என்றாள் பெர்சிஸ்.

ரமாபாய் கனிவோடு விளக்கினார். வாயு என்றால் குழாய் வரும். குழாய் என்றால் தொழிற்சாலை வரும். தொழிற்சாலை என்றால் உரிமையாளர் வருவார். சுனாமியையும் சேர்க்க முடியாது, அது வேறு வாரியத்தின் பேரிடர். நீண்ட விவாதத்துக்குப் பிறகு விண்கல் என்று முடிவானது. விண்கல்லுக்கு உரிமையாளர் கிடையாது.

தாகம் அடுத்த பொருள். கேமில் வருபவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதைப் பெர்சிஸ் சொன்னாள், குழுவும் ஆர்வத்தோடு ஏற்றது. பிறகு ஒரு உறுப்பினர் சந்தேகம் எழுப்பினார். எண்ணூரில் ஒருவன் குடிநீர் தேடி அலைவதாகக் காட்டினால், அது விண்கல்லுக்கு முன்பா பின்பா என்று ஜனங்கள் கேட்க மாட்டார்களா. தாகம் நீக்கப்பட்டது. இருமலும் அதோடு போனது. சாப்பாடு இருக்கலாம், ஆனால் அது டிராயரில் கிடைக்க வேண்டும் என்றார்கள்.

"நமுத்துப் போயிருக்குமே" என்றாள் பெர்சிஸ்.

"அந்தக் கருத்தைத்தான் உங்களிடம் எதிர்பார்த்தோம்" என்றார் ஜெகதீசன். அதன்படி பிஸ்கட்டின் நிறத்தைச் சற்று மங்கலாக்கினார்கள்.

கடைசியாக மனிதர்கள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்படி பெர்சிஸைக் கேட்டார்கள். அவள் தயாராக வந்திருந்தாள். மாரியப்பன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியதையும், அவன் அம்மா குப்பம்மா, மீனுக்கு ஐஸ் விற்பவர், தன் வண்டியிலிருந்த ஐஸை எல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டு ஆட்களை ஏற்றியதையும் சொன்னாள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக் கதவையும் தட்டினார்கள் என்பதை இரண்டு முறை சொன்னாள்.

குழு பொறுமையாகக் கேட்டது.

"மனதைத் தொடுகிறது" என்றார் ரமாபாய். "ஆனால் இதில் விளையாடுபவனுக்கு என்ன வேலை? யார் யாரைச் சுடுகிறார்கள்?"

"யாரும் யாரையும் சுடலை மேடம்."

"அதுதான் யதார்த்தமாக இல்லை."

ஜெகதீசன் முன்னால் சாய்ந்தார். "அம்மா, நான் நிர்வாகத்திலேயே நரைத்தவன். மனிதன் அடிப்படையில் யார் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாற்காலி காலியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறைக்காரன் என்ன செய்வான்? இருமிக்கொண்டிருக்கும் சக அதிகாரிக்குத் தண்ணீர் கொடுப்பானா? கொடுக்க மாட்டான். அவனுக்கு உடல் தகுதியில்லை என்ற மருத்துவச் சான்றிதழோடு மேலிடத்துக்குப் போவான். நானே போயிருக்கிறேன். படித்தவர்களே இப்படி என்றால், உலகம் அழிந்த பிறகு குப்பத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்."

எல்லோரும் யோசித்தார்கள். பெர்சிஸ் மறுபடி வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது.

ஆனாலும் அவள் நம்பிக்கை இழக்கவில்லை. கேமில் சங்குமேட்டு ஜனங்களின் சொந்த முகங்களே வரப்போகின்றன என்று ரமாபாய் சொன்னார். "பிழைத்தவர்களுக்கு நாங்கள் செய்யும் மரியாதை. நீங்கள் சொன்னால் அவர்கள் வருவார்கள்."

குப்பத்தில் முதலில் யாரும் வர ஒப்பவில்லை. அவர்களை அதுவரை படம் எடுத்தவர்கள் எல்லாம் எடுத்துவிட்டுப் போனவர்கள்தான். பெர்சிஸ் படகுகள் நிற்கும் மணலில் நின்று பேசினாள். "நான் அங்கதான் உக்காந்திருக்கேன். அன்னைக்கு நீங்க என்ன செஞ்சியளோ அது வரும். நான் சொல்லுதேன்ல."

"நீ சொன்னா சரிக்கா" என்றாள் ரேகா. மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா சொல்லிச்சுன்னா கரீட்டா இருக்கும். அல்லாரும் வாங்க."

சமுதாயக் கூடத்தில் கேமராக்கள் வட்டமாக நின்றன. ஒவ்வொருவராக நடுவில் நிறுத்தினார்கள். பல்லைக் கடிக்கச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள், கட்டையை ஓங்கச் சொன்னார்கள், மெத்தைமேல் விழச் சொன்னார்கள்.

குப்பம்மா விழுந்து எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "ஏம்மா, பொயைக்கிறதுக்கு இன்னாத்துக்குப் பல்ல கடிக்கணும்?"

"உயிர்த்துடிப்பு வேண்டும் அம்மா" என்றார் ரமாபாய்.

பெர்சிஸின் முறை வந்தபோது பல்லைக் கடிக்கச் சொல்லவில்லை. சிரிக்கச் சொன்னார்கள். கடையில் வழக்கமாகப் பேசுவதைப் பேசச் சொன்னார்கள். "வாங்க, என்ன வேணும்? எல்லாம் இருக்கு" என்று பேசினாள். அவளை மெத்தையில் விழச் சொல்லாதது ஏன் என்று அவள் கேட்கவில்லை. வெயிலும் ஏறிவிட்டது, கடையும் திறக்க வேண்டியிருந்தது.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. சங்குமேட்டு ஜனங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். ரேகா கல்யாணப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். பெர்சிஸுக்கு மேடையில் நாற்காலி, பொன்னாடை.

"கற்பனைக்கு இதில் இடமே இல்லை" என்று ஜெகதீசன் பேசினார். "நீங்கள் திரையில் பார்க்கப்போவது உங்களைத்தான். வாரியம் உங்களை எப்படிப் பார்க்கிறதோ, அப்படியே."

விளக்கை அணைத்தார்கள். முதல் ஆட்டத்தைத் தலைவரே ஆடினார். பெரிய திரையில் எண்ணூர் சாம்பல் பூத்துக் கிடந்தது. துப்பாக்கி ஏந்திய ஒருவன் இடிந்த குப்பத்துக்குள் நடந்தான். கவிழ்ந்த படகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையோடு பாய்ந்தாள். திரையின் மேல்மூலையில் எழுத்து வந்தது: கொள்ளைக்காரி.

தலைவர் சுட்டார். குப்பம்மா மெத்தையில் விழுந்த மாதிரியே விழுந்தார், மெத்தைதான் இல்லை.

முன்வரிசையிலிருந்து குப்பம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. "நானா அது? என்னிய எதுக்கு சுட்டாரு?"

அடுத்துத் திரையில் மாரியப்பன் கதவு தட்டிக்கொண்டு வந்தான். அது வந்தது. பெர்சிஸ் சொன்ன ஈரத்துண்டுகூட அப்படியே முகத்தில் இருந்தது, யதார்த்தக் குழு அதை விடவில்லை. அவன் தட்டியது உள்ளே இருப்பவர்களைக் கொன்று பிஸ்கட் எடுக்க. அவனையும் தலைவர் சுட்டார். கடைசிக் கட்டத்தில் கொள்ளைக் கூட்டத்தின் தலைவி வந்தாள், ரேகா. அவள் சுலபத்தில் சாகவில்லை. தலைவரின் தோட்டா தீர்ந்துபோனது.

அவர் ஓடி ஒரு கடைக்குள் நுழைந்தார். ஊரே இடிந்த இடத்தில் அந்தக் கடை மட்டும் சுத்தமாக, விளக்கெரிய நின்றது. கல்லாவில் பெர்சிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, என்ன வேணும்? எல்லாம் இருக்கு" என்றாள் திரையில். அவள் குரல்தான். தலைவர் தோட்டா வாங்கிக்கொண்டு வெளியே போய் ரேகாவைச் சுட்டு முடித்தார்.

விளக்குகள் எரிந்தன. வாரியத்து ஆட்கள் கை தட்டினார்கள். ரேகா பட்டுப்புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். மேடையில் இருந்த பெர்சிஸை ஒரு முறை பார்த்தாள்.

"உனக்கு மட்டும் கட குட்த்துக்கிறானுங்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த நாள் மதியம் அரிசி மூட்டைமேல் யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சங்குமேட்டுக்காரர்கள் மளிகைக்கு அஜாக்ஸ் பஸ் நிறுத்தத்துப் பக்கம் வேறொரு கடைக்குப் போனார்கள். பெர்சிஸ் கடைக்குப் புதிதாகச் சில இளைஞர்கள் வந்தார்கள், "அக்கா, தோட்டா இருக்கா?" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு எதுவும் வாங்காமல் போனார்கள்.

இதோடு முடிந்திருந்தால் காலம் ஆற்றியிருக்கும். ஆனால் வாரியம் செயல்படும் வாரியம். கொள்ளையரை முகம் பார்த்து அடையாளம் காணும் தன் தொழில்நுட்பத்தை அது பிற துறைகளுக்கும் இலவசமாக வழங்கியது. மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில் புதிதாக வைத்த கேமரா, ஏலத்துக்குப் போன ரேகாவைப் பார்த்ததும் கூவியது. மாரியப்பனைப் பார்த்துக் கூவியது. ஐஸ் வண்டியோடு வந்த குப்பம்மாவுக்கு மிக நீளமாகக் கூவியது. காவலர்கள் நல்லவர்கள்தான், பல வருடமாக இவர்களிடம் மீன் வாங்குகிறவர்கள். ஆனாலும் மெஷின் கூவிவிட்டால் அவர்கள் கையில் ஒன்றுமில்லை. குப்பத்து ஜனங்கள் பிடித்த மீனை வாசலுக்கு வெளியே, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள்.

பெர்சிஸ் ராயபுரத்துக்கு ஓடினாள்.

"அந்த மெஷின் தப்பாப் பிடிக்குது சார். அவங்க கொள்ளைக்காரங்க இல்ல."

ஜெகதீசன் கேமராப் பதிவையும் கேம் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோத்தது. "ஒரு மச்சம்கூடத் தவறவில்லை" என்று ரமாபாயிடம் காட்டினார். "கேம் எவ்வளவு யதார்த்தம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதைத் திருத்தினால் கேமில் தவறு இருப்பதாக ஆகும். கேமில் தவறு இல்லை என்று நாம் ஏற்கெனவே விழா எடுத்துவிட்டோம்."

"அப்போ அவங்க பிழைப்பு?"

"பிழைப்பு பற்றித்தானே அம்மா மொத்த வாரியமும்" என்றார் தலைவர்.

ரமாபாய் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். தோளில் கை வைத்தார். சங்குமேட்டில் பிழைப்புறுதி அரண் ஒன்று கட்டி முடியப்போகிறது, சுத்தக் காற்று, இரும்புக் கதவு, இந்த முறை சங்கும் உண்டு, எல்லாம் அவர்களுக்காகத்தான் என்றார். பெர்சிஸ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒருமுறை நம்பிய ஆளிடம் மறுமுறை கோபப்படக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

அரண் குப்பத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே எழுந்தது. ஜன்னல் இல்லாத கான்கிரீட் பெட்டி. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் முற்பகலில் ஜெகதீசனும் ரமாபாயும் உள்ளே உட்கார்ந்து டிராயர்களில் பிஸ்கட் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே நேரம் பெர்சிஸ் ரேகா வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமலேயே வந்திருந்தாள். ரேகா விற்காமல் போன காரப்பொடி மீனை உப்புப் போட்டுக் காயவைக்க ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ரேகா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

ரேகா ஒரு மீனின் வயிற்றைக் கீறினாள்.

"ஏதாவது திட்டுட்டி."

"இன்னான்னு திட்றது? நீ போய் கடையப் பாரு. யாருனா தோட்டா கேட்டு வந்துகினு இருப்பான்."

அப்போதுதான் சங்கு ஊதியது. ஒத்திகை என்று நினைத்தார்கள். பிறகு அந்த நாற்றம் வந்தது. ஒரு தடவை வந்த நாற்றத்தைக் குப்பம் மறக்கவில்லை. இந்த முறை குழாய் ரோட்டோரத்தில் கசிந்தது, காற்றும் அங்கிருந்தே வந்தது, விம்கோ நகர் போக வழியில்லை. எல்லோரும் அரணை நோக்கி ஓடினார்கள். மாரியப்பன் வழக்கம்போல் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு கடைசியில் வந்தான்.

அரணின் கதவு மூடியிருந்தது. கதவில் பதித்த கேமராக் கண் முதலில் வந்தவனைப் பார்த்தது. "கொள்ளையர் அடையாளம் காணப்பட்டார். விலகிச் செல்லவும்" என்றது ஒரு பெண் குரல், நல்ல உச்சரிப்பில். அடுத்தவளைப் பார்த்து அதையே சொன்னது. ஜனங்கள் கதவை அறைந்தார்கள்.

உள்ளே ஜெகதீசன் திரையில் இதைப் பார்த்தார். வெளியே பல்லைக் கடித்த முகங்கள், ஓங்கிய கைகள். இந்தக் கட்டத்தை அவர் பலமுறை ஆடியிருந்தார். "திறக்கக் கூடாது" என்றார் ரமாபாயிடம். "திறந்தால் பிஸ்கட்டுக்கு வருவார்கள்."

பெர்சிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவின் முன் போய் நின்றாள்.

"வணக்கம், வணிகர் அவர்களே" என்றது கதவு. திறந்தது.

அவள் உள்ளே நகர்ந்ததும் மூட ஆரம்பித்தது. யாரோ மீன் அள்ளும் பிளாஸ்டிக் டப் ஒன்றை இடையில் தள்ளினார்கள். கதவு டப்பை நசுக்கிக்கொண்டு மூடியது, கொள்ளையரைத் தடுக்கவென்றே செய்த கதவு. உள்ளேயிருந்து திரும்பிய பெர்சிஸை அது வெளியே விட்டது, மறுபடி அவள் முகம் பார்த்துத் திறந்தது. அவள் வாசலிலேயே, கண்ணுக்கு நேராக நின்றுவிட்டாள். நின்றவரை திறந்தே இருந்தது. "போங்க, போங்க" என்றாள். பிள்ளைகளை இடுப்பில் இடுக்கியவர்களும் ஒருவரையொருவர் தாங்கியவர்களும் அவள் கைக்குக் கீழே குனிந்து நுழைந்தார்கள்.

அவளுக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. இருமல் பிடித்தது. ரேகா தன் முந்தானையை நனைத்து அவள் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

"முகம் தெரியவில்லை" என்றது கதவு. நகர்ந்தது. அந்த நேரம் பாதி உள்ளே பாதி வெளியே இருந்த குப்பம்மாவின் தோளில் இடித்தது. பெர்சிஸ் முந்தானையைத் தட்டிவிட்டாள். முகத்தைத் தூக்கிக் காட்டினாள். கதவு நின்றது, திறந்தது, மறுபடி வணக்கம் சொன்னது.

"அக்கா, மூஞ்சிய மூடு" என்று ரேகா கத்தினாள்.

"மூடினா அது மூடிரும். நீ உள்ள போ."

உள்ளேயிருந்து ஜெகதீசன் நாற்காலி ஒன்றைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார். "பெர்சிஸ், அவர்கள் நடிக்கிறார்கள். இருமுவது ஒரு தந்திரம்."

கடைசியாக மாரியப்பன் வந்தான், முதுகில் நடக்கமுடியாத ஒருவரோடு. அவன் நுழைந்ததும் பெர்சிஸ் ஒரு அடி உள்ளே வைத்து விழுந்தாள். கதவு மூடிக்கொண்டது. நுழைந்தவர்களில் யாரும் பிஸ்கட் எடுக்கவில்லை. தலைவர் கவனித்துக்கொண்டே இருந்தார்.

இந்த முறையும் யாரும் சாகவில்லை. இதை வாரியம் பெருமையோடு அறிவித்தது. கசிவு பற்றி அறிவிப்பில் எதுவும் இல்லை, அது வேறு துறையின் பொருள். அரண் தன் முதல் சோதனையில் முழு வெற்றி பெற்றதாகவும், தலைவர் நெருக்கடியில் நிதானம் இழக்கவில்லை என்றும் இருந்தது.

பெர்சிஸ் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். ஆக்ஸிஜன் குழாய் மூக்கில், தொண்டையில் குரல் என்று எதுவும் பாக்கியில்லை, காற்றுதான் வந்தது. ஜெபினுக்குத் தகவல் போயிருந்தது. அவருடைய கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தைத் தொட இன்னும் நாளாகும்.

ரமாபாய் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். உண்மையிலேயே வருத்தமாக இருந்தார்.

"நான் உங்களுக்காகக் குழுவில் பேசிப்பார்த்தேன்" என்றார். "முடியவில்லை. வணிகர் என்பவர் விளையாடுபவனுக்கு நம்பிக்கையானவர். அவர் கொள்ளையருக்குக் கதவு திறந்துவிட்டால் அந்தப் பாத்திரமே குலைந்துபோகிறது. அடுத்த பதிப்பில் உங்கள் முகத்தைக் கொள்ளையர் பக்கம் மாற்றுகிறோம். தவறாக நினைக்கக் கூடாது. யதார்த்தம் அப்படி."

பெர்சிஸ் ஏதோ சொன்னாள். சத்தம் வரவில்லை. ரமாபாய் குனிந்து காதைக் கொடுத்தார்.

"எங்க கடை வாசல்ல வந்து மோர் குடிச்சியளே" என்றாள் பெர்சிஸ்.

ரமாபாய் ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் ரேகா வந்தாள், தூக்குச்சட்டியில் கஞ்சியோடு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் பெர்சிஸின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் ஊட்டினாள். பாதி கஞ்சி போயிருந்தது.

"என்னையும் கொள்ளைக்காரியாக்கிட்டாவளாம்" என்றாள் பெர்சிஸ்.

"கேள்விப்பட்டேன்."

"இனி நானும் உங்க கூட்டம்தான்."

ரேகா கரண்டியைத் தூக்குச்சட்டிக்குள் வைத்தாள். பெர்சிஸின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"அவனுங்கோ சொன்னா ஆயிடுமா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீ கதவாண்ட நின்ன. எம் மாமியாரு உன்னாலதான் உயிரோட கீது. அத்த நான் மறக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு மணல்ல நின்னு மூஞ்சிய குடுங்கன்னு கேட்டது மெஷினு இல்லக்கா. நீ. உன் வாய நம்பி நான் அல்லாரையும் இட்டாந்தேன். இப்ப அவுங்க ஒவ்வொருத்தரும் ஹார்பர் கேட்ல நிக்கசொல்ல என்னியத்தான் பாக்கறாங்கோ."

பெர்சிஸின் கண்ணில் நீர் வழிந்தது. அது வாயுவால் வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மீதியக் குடி, ஆறிடும்" என்றாள் ரேகா. தூக்கை அவள் கைக்கு எட்டும்படி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கஞ்சி வந்தது. மாரியப்பன் கொண்டுவந்தான்.